மக்கள்தொகை மாறினால் தொகுதியும் மாறும்

ஒரு மாநிலத்துக்கு மக்களவையில் எத்தனை இடங்கள் என்பதை அதன் மக்கள்தொகை தீர்மானிக்கிறது. மக்கள்தொகைக்கும் இடங்களுக்கும் உள்ள விகிதம் கூடியவரை எல்லா மாநிலங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 81-வது பிரிவு. ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் இடங்களைத் திருத்தி ஒதுக்கச் சொல்கிறது 82-வது பிரிவு. இதற்கு வாக்காளர்களை மட்டுமல்ல, குழந்தைகள் உட்பட எல்லோரையும் எண்ணுகிறார்கள்.

இந்தக் கணக்கில் தமிழ்நாடு முன்பே இழந்திருக்கிறது. 1962 தேர்தலில் 41 ஆக இருந்த அதன் மக்களவை இடங்கள், 1961 கணக்கெடுப்பை ஒட்டி நடந்த தொகுதி மறுவரையறையால் 1967-ல் 39 ஆயின. மக்கள்தொகை குறையவில்லை, மற்ற மாநிலங்கள் அளவுக்கு வேகமாகப் பெருகவில்லை, அவ்வளவுதான். குடும்பக் கட்டுப்பாட்டை ஊக்குவிக்கும் நோக்கில், 1976-ல் வந்த 42-வது திருத்தம் இட ஒதுக்கீட்டை 1971 கணக்கெடுப்போடு நிறுத்திவைத்தது. அந்தத் தடையை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை 84-வது திருத்தம் நீட்டித்தது.

இதற்குள் ஏற்றத்தாழ்வு வளர்ந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 7.21 கோடி பேருக்கு 39 இடங்கள், ராஜஸ்தானில் 6.85 கோடி பேருக்கு 25 இடங்கள். சராசரியாக ஒரு எம்.பி.க்கு இங்கே 18.5 லட்சம் பேர், அங்கே 27.4 லட்சம் பேர். தங்கள் ஓட்டுக்கு மதிப்புக் குறைவு என்பது வட மாநிலங்களின் குறை. மக்கள்தொகையை மட்டும் பார்த்துப் பங்கிட்டால், மொத்த இடங்களை உயர்த்தினாலும் அவையில் தங்கள் பங்கு சுருங்கும் என்பது தென் மாநிலங்களின் அச்சம்.

மாநிலத்துக்குள்ளும் எல்லைகள் மாறுகின்றன. 2001 கணக்கெடுப்பின் அடிப்படையில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையம் வரைந்த எல்லைகள் 2008-ல் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டின் 39 இடங்கள் அப்படியே இருந்தன. ஆனால் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி மறைந்தது. அம்மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இன்று திருச்சி, சிவகங்கை, ராமநாதபுரம், கரூர் என நான்கு மக்களவைத் தொகுதிகளில் சிதறியுள்ளன. அதன் பிறகும் மக்கள் இடம்பெயர்ந்தபடியே இருக்கிறார்கள். 2021 தேர்தலின்போது ஐ.டி. நிறுவனங்கள் பெருகிய சோழிங்கநல்லூரில் 6 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். சென்னையின் துறைமுகம் தொகுதியில் 2 லட்சம்கூட இல்லை. இரண்டுக்கும் ஒரே ஒரு எம்.எல்.ஏ.தான்.

2002-ம் ஆண்டின் மறுவரையறைச் சட்டப்படி, ஆணையம் முதலில் வரைவை அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபங்களுக்குக் கெடு விதித்து, பொது அமர்வு நடத்த வேண்டும். இறுதி உத்தரவு சட்டத்துக்கு இணையானது. அதை நீதிமன்றத்தில் எதிர்க்க அரசியலமைப்பின் 329-வது பிரிவு தடையாக நிற்கிறது. வெளிப்படையாகவே தன்னிச்சையான உத்தரவானால் நீதிமன்றம் தலையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் கூறியது. அது குறுகிய வாசல்தான்.

எனவே கணக்கெடுப்பில் வீட்டிலுள்ள எல்லோரையும் விடாமல் பதிய வேண்டும். வீடு மாறியவர்கள் படிவம் 8 கொடுத்து வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றிக்கொள்ள வேண்டும். வரைவு வெளியானதும் தம் ஊர் எந்தத் தொகுதியில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, ஆட்சேபம் இருந்தால் கெடுவுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இறுதி உத்தரவு வந்தபின் எழுப்பும் குரலுக்குச் சட்டத்தில் இடம் மிகக் குறைவு.