எஃகு மாறினால் கல்லும் மாற வேண்டும்: கடினக் கத்திகளுக்கேற்ற தீட்டுகோல்

1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளில் 9 கன்றுகள் பேராக்கிலுள்ள கோலாகங்சாரில் நடப்பட்டன. அதன் பிறகு ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் பல தலைமுறைகளாகப் பால் மரம் வெட்டினர். அந்த வரலாற்றைக் கூலி, விலை, அவசரகாலம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கையிலிருந்த உளியின் கூர்மையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

ரப்பர் மரத்தின் பால் குழாய்கள் பட்டையின் உட்புறத்தில், மரத்தை ஒட்டிய மெல்லிய வளர்படைக்கு அருகில்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆகவே வெட்டு அந்தப் படைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தூரம் வரை போக வேண்டும், அதைத் தொடக்கூடாது. தொட்டுவிட்டால் புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மீண்டும் வெட்ட வரும்போது உளி ஓடாது. உளி மழுங்கியிருந்தால் கை கூடுதலாக அழுத்தும், அழுத்திய கை தவறும், மரம் காயப்படும். விடியலுக்கு முன், தலைவிளக்கு வெளிச்சத்தில் இந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தீட்டுவது அன்றாடக் கடமையாக இருந்ததில் வியப்பில்லை.

அந்த உளி சாதாரணக் கரிம எஃகால் ஆனது. விரைவில் மழுங்கும், ஆனால் எளிதில் தீட்டிவிடலாம். இன்று நம் பட்டதாரிகள் மலையேறவும் மீன் பிடிக்கவும் வாங்கும் மடக்குக் கத்திகள் அப்படிப்பட்டவை அல்ல. பாட்டி வீட்டுத் தீட்டுக்கல்லில் அரை மணி நேரம் தேய்த்தாலும் சில கத்திகள் கூர்மை பெறுவதில்லை. "எனக்குத் தீட்டத் தெரியவில்லை" என்று பலர் கத்தியைப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். குறை பெரும்பாலும் கையில் இல்லை, கல்லில்தான் இருக்கிறது.

எஃகின் கடினத்தை ராக்வெல் அளவில் குறிப்பது வழக்கம். சாதாரணச் சமையல் கத்திகள் பல 54 முதல் 56 வரை இருக்கும். நல்ல மடக்குக் கத்திகள் 58 முதல் 62 வரை போகும். ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்துத் தீட்டுகோல் வாங்குவது போதாது. எஃகுக்குள் கார்பைடு எனப்படும் நுண்ணிய கடினத் துகள்கள் உள்ளன. தீட்டுவதைச் சிரமமாக்குபவை பெரும்பாலும் இவைதான். விக்கர்ஸ் என்ற மற்றோர் அளவில், கடினமாக்கப்பட்ட கத்தி எஃகு ஏறத்தாழ 700. இயற்கைத் தீட்டுக்கற்களில் வெட்டும் வேலையைச் செய்யும் குவார்ட்ஸ் ஏறத்தாழ 1,100. பீங்கான் கோல்களில் உள்ள அலுமினா 2,000, கார்பரண்டம் 2,500 அளவில் இருக்கின்றன. எஃகிலுள்ள வனாடியம் கார்பைடோ 2,800ஐ நெருங்குகிறது. வைரம் இவை அனைத்தையும் விட மிக உயரத்தில், 8,000க்கு மேல் நிற்கிறது.

இந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால் கடைக்காரரின் பேச்சு தேவைப்படாது. விஜி-10, 154சிஎம் போன்ற எஃகுகளில் வனாடியம் மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. பீங்கான் கோல் தாராளமாகப் போதும். 2001இல் அறிமுகமான எஸ்30வி எஃகில் 4 விழுக்காடு வனாடியம் இருக்கிறது. பீங்கானில் தீட்டலாம், ஆனால் மெதுவாகத்தான் நடக்கும். எஸ்90வி எஃகில் 9 விழுக்காடு. அதற்கு வைரம் பதித்த கோல் வாங்காமல் பீங்கானோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை.

அடுத்தது, எந்த அமைப்பு என்பது. கோல் வகையில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் இரண்டு கோல்கள் ஒரு பீடத்தில் 'வி' வடிவில் நிற்கும். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கமாகக் கீழே இழுக்க வேண்டும். ஸ்பைடர்கோ நிறுவனத்தின் ஷார்ப்மேக்கர் இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. அதன் கோணங்கள் ஒரு பக்கத்திற்கு 15, 20 பாகை. பெட்டியோடு வருபவை பீங்கான் கோல்கள். வைரக் கோல்களைத் தனியாக வாங்க வேண்டும். மற்றதில் கத்தி ஒரு கவ்வியில் அசையாமல் இருக்கும்; கல் ஒரு மெல்லிய கம்பியின் வழிகாட்டுதலில் அதன் மேல் ஓடும். லான்ஸ்கி இந்த வகை. அதில் 17, 20, 25, 30 பாகைக்கான துளைகள் உள்ளன. ஆனால் அகலமான கத்தியின் விளிம்பு கவ்வியிலிருந்து தள்ளி நிற்பதால், உண்மையான கோணம் துளைக்கருகே எழுதியிருப்பதை விடக் குறையும். சிறிய மடக்குக் கத்திக்கு இது பெரிய சிக்கல் அன்று.

என் கருத்தில், கத்தி இன்னும் ஓரளவு வெட்டுகிறது, அதை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்றால் 'வி' வடிவமே போதுமானது. எடுத்து வைத்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்பதால் அடிக்கடி செய்வோம்; தோட்டத்தில் அன்றாடம் தீட்டிய பழக்கத்தின் பயனும் அதுதான். விளிம்பு உடைந்திருந்தாலோ, தொழிற்சாலைக் கோணம் தடிப்பாக இருந்தாலோ கவ்வி வகை வேண்டும், அதுவும் வைரக் கல்லோடு.

தொழிற்சாலைக் கோணத்தை எப்படி அறிவது? விளிம்பின் சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசி, கோலில் இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். நுனி விளிம்பு வரை சரிவு முழுவதும் மை அழிந்தால் கோணம் பொருந்துகிறது. மேல் பக்கம் மட்டும் அழிந்தால் கோல் இன்னும் விளிம்பைத் தொடவே இல்லை. நூறு முறை இழுத்தாலும் கூர் வராது. இந்தச் சோதனையைச் செய்யாததால் கோலைக் குறை சொல்பவர்கள் ஏராளம்.

கசாப்புக் கடைகளில் பார்க்கும் உருக்குக் கம்பியை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மென்மையான கத்தியின் மடிந்த விளிம்பை நிமிர்த்தத்தான் அது பயன்படும். கடின எஃகை அதில் அடித்தால் விளிம்பு பொடிந்துவிடக்கூடும்.

கோல் கத்தியைத் தொடும் இடம் மிகக் குறுகியது. சிறு அழுத்தமே அங்கே பெரிதாகிவிடும். கத்தியின் எடைக்குச் சற்றுக் கூடுதலான அழுத்தம் போதும். வைரக் கோலில் அழுத்தினால் பதித்த துகள்கள் பெயர்ந்து போகும். கத்தியின் முனை கோலைத் தாண்டி வெளியே வழுக்காமல் கோலின் மேலேயே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் முனை உருண்டுவிடும். மறுபக்கத்தில் விரலால் மெல்லத் தடவினால் பிசிறு தட்டுப்படும். முழு நீளத்திற்கும் பிசிறு வந்த பிறகே பக்கத்தை மாற்ற வேண்டும். கடைசியில் மென்கோலில் மிக இலேசாக இழுத்து அதை நீக்க வேண்டும். பீங்கான் கோல் கறுத்துப் போனால் தேய்ந்துவிட்டதாக எண்ணி வீசிவிடாதீர்கள். எஃகுத் துகள் அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்; பாத்திரம் துலக்கும் தூளும் நாரும் கொண்டு தேய்த்துக் கழுவினால் மறுபடியும் வெட்டும்.

மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டின் 1958ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். மலையேறி முடித்து ஈப்போ பேருந்து நிலையத்திற்கு வரும்போது கத்தி சட்டைப்பையில் இருக்க வேண்டாம். மடக்கி, பயணப்பையின் அடியில் வைத்துவிடுங்கள். விடுதியில் வைத்திருக்கலாமா என்பதை அங்குள்ள விதிகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.