மூசையில் பிறக்கும் கோலம்

ஜாவாத் தீவின் ‘கெரிஸ்’ என்னும் குறுவாளைக் கண்டோர், அதன் அலகில் நெளியும் வெள்ளிநிறக் கோலங்களை மறத்தல் அரிது. சாதாரண இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கிக் காய்ச்சி, மடித்து மடித்து அடித்து, இறுதியில் எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் பூசி, ‘பாமோர்’ எனப்படும் அக்கோலத்தை அந்நாட்டுக் கொல்லர் வரவழைக்கின்றனர். 2005-இல் யுனெஸ்கோ நிறுவனம் கெரிஸை மானுடத்தின் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாகப் பிரகடனம் செய்தது.

பஞ்சாக்கினியின் நடுவே ஊசிமுனையில் அன்னை காமாட்சி தவமியற்றிய தலமென்று போற்றப்படும் மாங்காட்டில் வாழும் நாம், அக்கினியில் மேன்மையுற்ற நம் நாட்டு உருக்கின் மகிமையையும் அறிந்திருத்தல் வேண்டும். கெரிஸின் கோலத்தை உண்டாக்குவது சம்மட்டி. தமிழகத்து உருக்கிலோ, அது மூசையினுள்ளேயே கருக்கொள்கிறது.

உமி கலந்த களிமண் மூசையில் இரும்புத் துண்டுகளையும் ஆவாரங்கட்டையையும் பச்சிலைகளையும் இட்டு, வாயை மண்ணால் அடைத்து, கரி உலையில் அடுக்கித் துருத்தியால் ஊதுவர். காற்றுப் புகாத அச்சிறு கலத்துள் கட்டையும் இலையும் கரியாகி, அக்கரி இரும்பில் சேரச் சேர அதன் உருகுநிலை தாழ்ந்து, சுமார் 1.5 சதவீதம் கார்பன் கொண்ட உருக்கு திரவமாகிறது. அது மெல்ல ஆறிய பின்னர், கொல்லன் மிதமான சூட்டில் பொறுமையுடன் தட்டத் தட்ட, சிமென்டைட் என்னும் கடினமான துகள்கள் வரிவரியாக அணிவகுக்கின்றன. மெருகிட்டு அமிலம் பூசினால், கரும்பரப்பின்மீது நீரலைபோல் அவ்வரிகள் வெளிப்படும். சூடு மிகுந்தாலோ துகள்கள் கரைந்து, வரிகளும் அழிந்துவிடும். வெனேடியம் போன்ற தனிமங்கள் அணுவளவேனும் கலந்திருந்தால்தான் வரிகள் தெளிவுறும் என்பதை அமெரிக்க அறிஞர் ஜான் வெர்ஹோவன் பரிசோதனைகளால் நிரூபித்தார்.

நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் அகழ்ந்தோர் பண்டை இரும்பு உலைகளின் சின்னங்களைக் கண்டனர். சேலம் வட்டாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலும் இத்தொழில் நடைபெற்றது. ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்றழைத்த இந்திய உருக்கைப் பற்றி 1795-இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். கொல்லரின் மைந்தராகிய மைக்கேல் ஃபாரடேயும் 1819-இல் அதனைப் பகுத்தாராய்ந்து, அதற்கு நிகரான உருக்கை ஆக்க முயன்றார்.

தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த வாள்களும் கட்டாரிகளும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், கைப்பிடியின் சித்திரவேலையோடு நின்றுவிடாது, அலகு எவ்வாறு உருவாயிற்று என்பதையும் எடுத்துரைப்பார்களாக. ரசாயனப் பாடத்தில் ஃபாரடேயின் பெயரைக் கற்பிக்கும் நம் பள்ளிகள், அவரையே வியக்கவைத்த நம் கொல்லரின் மூசையையும் கற்பித்தல் கடமையாகும்.