ஓட்டுநரின் உறக்கமும் நோயாளியின் பயணமும்

மேல்சிகிச்சைக்காகக் கோயம்புத்தூருக்கோ மைசூருக்கோ அனுப்பப்படும் நோயாளியின் குடும்பத்தார் எங்களிடம் பல வினாக்கள் கேட்பதுண்டு. வழியில் என்ன உண்ணக் கொடுக்கலாம், படுத்துச் செல்ல வேண்டுமா, மாத்திரையை எப்போது தருவது என்பன அவை. வண்டி ஓட்டுபவர் நேற்றிரவு உறங்கினாரா என்று எவரும் கேட்பதில்லை. நாங்களும் நெடுங்காலம் கேட்டதில்லை.

ஸ்ரீமதுரையிலிருந்து கூடலூர், நடுவட்டம், உதகை, குன்னூர் வழியாகக் கோவை செல்ல 130 கிலோமீட்டருக்கும் மேல். காலையில் சீட்டு பெற வேண்டுமெனில் விடியுமுன் 3 மணிக்கே புறப்பட வேண்டும்; ஓட்டுநர் 2 மணிக்கே எழுந்திருப்பார். நாம் மருத்துவரைக் காணும் வரை அவர் வெயிலில், வண்டிக்குள் காத்திருப்பார். மாலை 5 மணிக்குத் திரும்பினால், 7 மணியளவில் வண்டி மேட்டுப்பாளையத்தைக் கடந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும். அவர் விழித்தெழுந்து அப்போது 17 மணி நேரம் ஆகியிருக்கும்.

இந்த எண் முக்கியமானது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் அளவுக்குத் தாழ்ந்துவிடுவதை 1990களின் இறுதியில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினர். நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் எல்லையோ 30 மில்லிகிராம்தான். குடித்தவர் ஓட்டும் வண்டியில் நோயாளியை ஏற்ற நாம் துணிய மாட்டோம்.

களைத்த மூளை சில நொடிகள் தானாகவே உறங்கிவிடும். கண்கள் திறந்திருந்தாலும் இது நிகழலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடும். மூன்று நொடி உறக்கத்தில் 33 மீட்டர். மலைப்பாதையில் அவ்வளவு நீளத்துக்குள் ஒரு வளைவு வந்துவிடும். பின்னிரவு 2 மணி முதல் 6 மணி வரையும், பிற்பகலிலும் உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடும்.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இதற்கு ஓர் அளவை வகுத்தது. நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. 5 மணி நேரத்துக்கு மேற்படாமல் அரை மணி ஓய்வு. ஒரு நாள் பணி முடிந்து மறுநாள் பணி தொடங்கும் முன் தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு. நல்ல அளவுதான். ஆனால் அச்சட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட நிறுவனங்களை நோக்கி எழுதப்பட்டது. சொந்த ஜீப்பைத் தாமே ஓட்டும் நம்மூர்க்காரரின் மணிகளை எண்ணுவார் எவருமில்லை.

பந்திப்பூர் வனச்சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்குத் தடை உள்ளது. அதுவும் 9 மணி நேரமே! எனினும், வாயில் திறப்பதை எதிர்பார்த்து இருக்கையில் சாய்ந்தபடி, குளிரில், அடிக்கடி விழித்துக் கிடப்பதை ஓய்வென்று மருத்துவம் கொள்ளாது.

சில ஓட்டுநர்களுக்கு நோயே உறக்கத்தைக் கெடுக்கிறது. இரவில் உரத்த குறட்டை, இடையிடையே மூச்சு நின்று திணறுதல், பகலில் தூங்கி வழிதல் ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பின் உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. சளிக்கென்று கடையில் வாங்கும் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரை மறுநாள் காலையிலும் மந்தமாக்கலாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொண்டு உணவைத் தள்ளிப்போடுபவருக்குச் சர்க்கரை தாழ்ந்து, கைநடுக்கமும் குழப்பமும் வரலாம்.

புகையிலை, உரத்த பாட்டு, முகத்தில் தண்ணீர் எதுவும் உறக்கத்துக்கு ஈடாகாது. கொட்டாவி தொடர்ந்தால் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு காபி குடித்துவிட்டு 20 நிமிடம் அவர் கண்ணயரட்டும். காபி வேலை செய்யத் தொடங்கவும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் பிடிக்கும். இது தற்காலிக உதவியே. நீங்கள் மருத்துவமனைக்குள் இருக்கும் வேளையில் அவர் உண்ணவும், நிழலில் காலை நீட்டிப் படுக்கவும் வழிசெய்யுங்கள். வாடகை பேசும்போதே, முந்தைய இரவு அவருக்கு வேறு சவாரி உண்டா என்று கேட்பதில் தவறில்லை.

உயிருக்கு ஆபத்தான நிலையில் இவற்றை எண்ணிக் காலம் தாழ்த்தாமல் 108ஐ அழையுங்கள். ஏனைய பயணங்களுக்கு, செல்லும் நாளை முன்கூட்டியே எங்களிடம் தெரிவியுங்கள். பரிந்துரைக் கடிதத்தை முதல் நாள் காலையிலேயே எழுதித் தருகிறோம். பகலில் சென்று, இரவு அங்கே தங்கி, மறுநாள் மருத்துவரைக் காணலாம். ஓட்டுநரும் உறங்கி எழுந்திருப்பார்.