பேக்லிங்க் விலைக்கு வாங்கலாமா? கூலி அவர்களுக்கு, தண்டனை நமக்கு

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் புடவைக் கடை நடத்துபவரானாலும், பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் மாலை கட்டி விற்பவரானாலும், வீட்டிலிருந்தே சமையல் குறிப்பு எழுதி வலைப்பூ நடத்துபவரானாலும், சொந்தமாக ஓர் அகப்பக்கம் வைத்திருந்தால் போதும். மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரு விலைப்பட்டியல் தேடி வந்துவிடும். மாதம் இத்தனை ரிங்கிட் கட்டினால் இத்தனை ‘பேக்லிங்க்’ (பிற தளங்களிலிருந்து உங்கள் பக்கத்துக்கு வரும் இணைப்பு), மூன்றே மாதத்தில் கூகுள் முதல் பக்கம், உத்தரவாதம் உண்டு என்று அதில் இருக்கும். சிறு வியாபாரிக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால் இந்த வேலையை வெளியாரிடம் ஒப்படைக்கும்போது நாம் கவனிக்காத ஒன்று உண்டு. வேலை செய்தவர் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். கூகுள் தேடலில் பின்தள்ளப்படும் தண்டனை அகப்பக்கத்தின் சொந்தக்காரரையே சேரும். பணம் கட்டுவதா வேண்டாமா என்ற முடிவை இந்தக் கணக்கை வைத்தே எடுக்க வேண்டும்.

ஓர் அகப்பக்கம் இன்னொன்றுக்குத் தரும் இணைப்பை ஒரு பரிந்துரையாகக் கருதலாம் என்ற எண்ணத்தின் மீதுதான் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998இல் கூகுளைக் கட்டினார்கள். பரிந்துரைக்கு மதிப்பு வந்ததும் அதற்கு விலையும் வந்தது. தேடலில் மேலே வருவதற்காக இணைப்பை வாங்குவதும் விற்பதும் கூகுளின் விதிகளுக்கு முரணானது. அதேசமயம் விளம்பரத்துக்குப் பணம் கொடுப்பது குற்றமல்ல. அந்த இணைப்பு காசு கொடுத்துப் பெற்றது என்பதைக் கூகுளுக்குத் தெரிவிக்கும் குறியீடு இருந்தால் போதும். அதற்கென ‘நோஃபாலோ’ 2005இலும் ‘ஸ்பான்சர்ட்’ 2019இலும் வந்தன. பிரச்சினை காசு கொடுப்பதில் இல்லை. காசு கொடுத்ததை மறைப்பதில் இருக்கிறது. மாதப் பொட்டலமாக விற்கப்படும் பேக்லிங்க்குகளின் முழு மதிப்பும் அந்த மறைப்பில்தான் அடங்கியிருக்கிறது.

மறைப்பு வெளிப்பட்டால் யார் மாட்டிக்கொள்வார்கள்? அமெரிக்காவின் ஜே.சி. பென்னி அங்காடி 2010 ஆண்டிறுதி விற்பனைக் காலத்தில் ஆடை, படுக்கை விரிப்பு, பயணப் பெட்டி என எதைத் தேடினாலும் முன்னால் வந்து நின்றது. தொடர்பே இல்லாத ஏராளமான தளங்களில் அதற்கு இணைப்புகள் விதைக்கப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. சாம்சனைட் கைப்பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த அங்காடி, இரண்டே மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குச் சரிந்தது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொன்ன நிறுவனம், தேடல் பணியை ஒப்படைத்திருந்த முகவரை நீக்கியது. ஆனாலும் சரிந்தது சரிந்ததுதான். 2012இல் கூகுள் தன் சொந்த குரோம் பக்கத்தையே 60 நாள் தேடலில் பின்தள்ளியது. அதற்கும் காரணம், விளம்பரப் பணி எடுத்தவர்கள் பணம் கொடுத்து எழுதவைத்த பதிவுகள். 2013 பிப்ரவரியில், பிரிட்டனின் பூ வணிக நிறுவனம் இன்டர்ஃபுளோரா, வட்டாரச் செய்தித்தாள்களின் தளங்களில் விளம்பரக் கட்டுரைகள் வெளியிட்டிருந்த நிலையில், தன் சொந்தப் பெயரைத் தேடினாலும் கண்ணில் படாத அளவுக்குத் தேடலிலிருந்து மறைந்தது. அது 11 நாளில் மீண்டது. சட்டக் குழுவும் தொழில்நுட்பக் குழுவும் கைவசம் உள்ளவர்கள் அப்படி மீளலாம். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் காணாமற்போனால் ஒரு மாலைக் கடைக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பெரிய நிறுவனங்களைத்தானே கூகுள் பிடிக்கும், நம்மைப் போன்ற சிறியவர்களை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிறு தளங்களுக்குத் தண்டனையைவிட அதிகம் நேரக்கூடியது வேறொன்று: எதுவுமே நடக்காமல் போவது. 2012இல் வந்த ‘பெங்குவின்’ மாற்றம் இணைப்பு வாங்கிய தளங்களைப் பின்தள்ளியது. 2022 டிசம்பர் முதல் ‘ஸ்பேம்பிரெய்ன்’ என்ற தானியங்கி முறை, விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் கண்டறிந்து அவற்றின் மதிப்பைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்குகிறது. தண்டனை என்றாலாவது, தளச் சொந்தக்காரர்களுக்குக் கூகுள் தரும் ‘சர்ச் கன்சோல்’ கணக்கில் அறிவிப்பு வரும். பூஜ்யமாவதற்கு அறிவிப்பே கிடையாது. மாதம்தோறும் கையில் தரப்படும் எக்செல் அறிக்கை மட்டும் நீண்டுகொண்டே போகும். அதிலுள்ள ஒரு முகவரியைச் சொடுக்கிப் பாருங்கள். பல் மருத்துவம் பற்றி ஒரு பத்தி, அடுத்து உங்கள் புடவை பற்றி அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு பத்தி, அதற்குக் கீழே சூதாட்டத் தளத்துக்கு ஓர் இணைப்பு. எழுதியவர் பெயரும் இருக்காது, ஒரு கருத்தும் இருக்காது. பக்கத்தில் ‘டி.ஏ. 50’ என்று ஓர் எண். அது ‘மோஸ்’ என்ற தனியார் நிறுவனத்தின் மதிப்பீடு. கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை.

போட்டிக் கடைக்காரர் வாங்கித்தானே மேலே நிற்கிறார் என்பது அடுத்த வாதம். அவர் வாங்கியது நமக்குத் தெரியலாம்; அதனால்தான் மேலே நிற்கிறார் என்பது தெரியாது. பழைய தளம், கூகுள் வரைபடத்தில் வாடிக்கையாளர்கள் எழுதிய மதிப்புரைகள், சரியான முகவரி, தமிழிலும் மலாயிலும் தெளிவான விவரம் எனக் காரணங்கள் பல இருக்கலாம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. அந்த உத்தரவாதத்தைத் தருபவர் தன் கையில் இல்லாத பொருளை விற்கிறார்.

நேரமில்லாதவர் உதவி பெறவே கூடாதா? தாராளமாகப் பெறலாம். கூகுள் என்று ஒன்று இல்லாவிட்டாலும் இந்த வேலைக்குப் பணம் கொடுப்போமா என்று கேட்டுப் பார்த்தால் போதும். நல்ல புகைப்படம், ஆழமான கட்டுரை, கோயில் திருவிழாவுக்கோ பள்ளி நிகழ்ச்சிக்கோ நன்கொடை, வாசகர் உள்ள இதழில் வெளிப்படையான விளம்பரம் ஆகியவற்றுக்கு ஆம் என்ற பதில் வரும். யாரும் படிக்காத தளத்தில் ஐம்பது இணைப்புக்கு அந்தப் பதில் வராது.

ஏமாந்த பின் சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்காக வாங்குபவரை மனத்தில் வைத்தது. கடைக்காக வாங்கிய சேவைக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் பெரும்பாலும் கைகொடுக்காது. பொய்யான தகவல் தந்து சம்மதம் பெற்றிருந்தால், 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆவது பிரிவு அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய இடமளிக்கிறது. 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத தொகையென்றால், தனிநபர் ஒருவர் வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு தொடுக்கலாம். அதற்கு 198ஆம் எண் பாரம் உண்டு. ஆனால் ‘ஐம்பது இணைப்பு’ என்று மட்டும் எழுதிய ரசீதில், ஐம்பதையும் தந்தவர் வாக்கைக் காப்பாற்றியவராகிறார். விற்பவர் வெளிநாட்டில் இருந்தால், இங்கே கிடைக்கும் தீர்ப்பை அங்கே நிறைவேற்றுவது இன்னும் கடினம்.

ஆகவே பாதுகாப்பு பணம் கட்டுவதற்கு முன்புதான். எந்தெந்தத் தளத்தில் இணைப்பு வரும், அது விளம்பரம் எனக் குறிக்கப்படுமா, தண்டனை வந்தால் யார் நீக்கித் தருவார் என்பதை எழுத்தில் கேளுங்கள். நிறுவனப் பதிவை நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம். தளத்திலும், வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்திலும் சரிபாருங்கள். டொமைன் உங்கள் பெயரிலும், சர்ச் கன்சோல் கடவுச்சொல் உங்கள் கையிலும் இருக்கட்டும். பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் மறைந்தால் தாமதிக்காமல் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கும் வங்கிக்கும் அழைத்து, போலீஸ் புகார் செய்யுங்கள். ஏற்கெனவே வாங்கியதால் தண்டனை வந்திருந்தால், இணைப்புகளை நீக்கச் சொல்லுங்கள். நீக்க முடியாதவற்றைக் கூகுளின் ‘டிஸ்அவோ’ கருவியில் பட்டியலிட்டு, மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள்.

எந்தத் தளத்தில் இணைப்பு வரும் என்று எழுதித் தர மறுப்பவரிடம் ஒரு ரிங்கிட்கூடக் கட்டாதீர்கள். அந்தப் பணத்தை உங்கள் பொருளைப் பற்றி நேர்மையாக எழுதத் தெரிந்த ஒருவருக்குக் கொடுங்கள். அந்த எழுத்து உங்கள் சொந்தப் பக்கத்திலேயே நிலைத்திருக்கும்.