மவுஸ் மேல் பழி போடாதீர்கள்!

பிரிட்ஜ் ஓடத் தொடங்கும் நொடியில் கீபோர்டு செத்துப் பிழைக்கிறது. பாட்டை நிறுத்திய பிறகும் ஸ்பீக்கர் உறுமுகிறது. சார்ஜ் போட்டால் மட்டும் லேப்டாப்பில் அம்பு தறிகெட்டு ஓடுகிறது. உடனே புது மவுஸ், புது கீபோர்டு என்று கடைக்குப் போகிறோம். அதற்கு முன் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். தொல்லை நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டை.

டெஸ்க்டாப்பின் பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்டச் சின்னக் கெபாசிட்டர்கள் உண்டு. அவற்றின் வழியே கேபினட்டுக்குக் கசியும் மின்சாரம் எர்த் ஒயரில் இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லையென்றால் கேபினட் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியைச் சுமந்து நிற்கும். கை பட்டால் சுர்ரென்கிறதே, அதுதான். ஆளைக் கொல்லாத கசிவுதான். ஆனால் பிரிண்டர் கேபிளைச் செருகும்போது போர்ட்டைப் பதம் பார்த்துவிடலாம். ஸ்பைக் பஸ்டர் காப்பாற்றாதா? எர்த் இல்லாத வீட்டில் அது பாதிக் காவல்தான்.

மட்டமான அடாப்டர்தான் காரணம் என்பாரும் உண்டு. சில வீடுகளில் அதுவும் நிஜம்.

எனக்குப் பயம் வேறு. பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதன் பின்னால் எர்த் ஒயரே இருக்காது. அதைவிட மோசம், புகார் சொன்னதும் சில வயர்மேன்கள் பிளக் பெட்டிக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுப் போவது. மேலோட்டமாக மீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டும். என்றாவது அந்த நியூட்ரல் அறுந்தால், கேபினட் முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். மேசைக்கடியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பது ஆன்லைன் வகுப்பில் இருக்கும் பிள்ளை!

அதே லைனில் அயர்ன் பாக்ஸை ஓடவிட்டு, உரிமம் உள்ள வயர்மேனை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட் காட்டினால் இயல்பு. சுத்தமாகப் பூஜ்யம் என்றால் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எகிறிக் காட்டினாலும் விடாதீர்கள். எர்த் குழி காய்ந்திருக்கலாம், கம்பி துருப்பிடித்திருக்கலாம். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். வீடு முழுக்க ஒயரிங் மாற்ற எந்த ஓனரும் சம்மதிக்க மாட்டார். கம்ப்யூட்டர் இருக்கும் அந்த ஒரு பாயிண்டுக்காவது மெயின் போர்டிலிருந்து எர்த் ஒயர் இழுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். புது மவுஸ் அப்புறம் வாங்கலாம்.