‘தினமும் குடிக்கிற ஆள் இல்லை!’

“என் வீட்டுக்காரர் தினமும் குடிக்கிற ஆள் கிடையாது. சனிக்கிழமை, கல்யாணம், தீபாவளி... அவ்வளவுதான்.” பல வீடுகளில் நிம்மதியோடு சொல்லப்படும் பதில் இது. இந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை.

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் ஊரில் விற்கும் பிராந்தி, ரம் வகைகளில் ஆல்கஹால் 42.8 சதவீதம். எடையில் பார்த்தால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரே தடவையில் 60 கிராமைத் தொட்டாலே, அதை அளவுமீறிய குடி என்றுதான் உலக சுகாதார நிறுவனம் கணக்கில் எடுக்கிறது. ‘குவார்ட்டரோட நிறுத்திக்குவேன்’ என்று பெருமைப்படுபவர் அந்தக் கோட்டின் மேலேயேதான் நிற்கிறார். ஆஃப் அடிப்பவர் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டார்.

கல்லீரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் ஆல்கஹாலைக் கரைக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, தலையில் ஒரு குடம் தண்ணீர் எதுவும் அதை விரைவுபடுத்தாது. இரவு பதினோரு மணிக்கு ஆஃபை முடித்தவர், காலையில் குளித்து, பிள்ளையை பைக்கில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கிளம்புகிறார். அப்போதும் அவர் ரத்தத்தில் சட்ட வரம்பான 100 மில்லிக்கு 30 மில்லிகிராமைவிட அதிகமாகவே ஆல்கஹால் இருக்கலாம்.

கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் ஒருவன் ‘மட்டை’ ஆகிறான். நண்பர்கள் கைகாலைப் பிடித்துத் தூக்கி, ஜமுக்காளத்தில் மல்லாக்கப் போட்டுவிட்டு, “தூங்கட்டும் விடுறா, காலையில சரியாயிடுவான்” என்று கீழே இறங்கிவிடுகிறார்கள். கடைசியாகக் குடித்தது இன்னும் அவன் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. மல்லாந்து கிடக்கும்போது வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இருமித் தள்ளும் திறனையும் போதை மழுங்கடித்திருக்கும். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தட்டி எழுப்பியும் கண் திறக்கவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் உடனே 108. ‘பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்’ என்று தயங்கும் நேரத்தில் உயிர் போய்விடும்.

இதைவிட என்னை அதிகம் உறுத்துவது வீட்டு அடுக்களையில் நடப்பது. ‘அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’ என்ற விளம்பரங்களைப் பார்க்காதவர்கள் குறைவு. அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் ஒரு பெண், முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்னப் பொட்டலத்தை டாக்டரிடம் நீட்டினார். பெயரோ லேபிளோ இல்லாத வெள்ளைத் தூள்.

“சாம்பார்ல கலந்து குடுத்தேன் சார். அவரு வழக்கம்போல வெளிய போய்க் குடிச்சிட்டு வந்தாரு. மூஞ்சியெல்லாம் செவந்து, நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு ஒரே வாந்தி. நானே கொன்னுட்டேன்னு நெனச்சேன்.”

அந்தத் தூள் என்னவோ, யாருக்கும் தெரியாது. ஆனால் குடியை நிறுத்த டாக்டர்கள் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் இதேதான் நடக்கும். ஆல்கஹால் உடைந்து உருவாகும் நச்சுப்பொருள் மேற்கொண்டு கரையாமல் உடம்பிலேயே தேங்கிவிடும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் இருப்பவருக்கு உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை உடம்பில் மிச்சமிருக்கும். பரிசோதனைகள் செய்து, நோயாளியிடம் விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடு மட்டுமே டாக்டர்கள் கொடுக்கும் மருந்து அது. தெரியாமல் தின்றவர் எதை நினைத்துக் குடிக்காமல் இருப்பார்? அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடியும் வாங்கி, தாலியையும் அடகு வைத்தவர் கண்ணுக்கு அந்த விளம்பரம்தான் வழியாகத் தெரிந்திருக்கிறது. அவருடைய தவிப்பைக் காசாக்குகிறார்கள் என்பதுதான் ஆத்திரமாக வருகிறது.

மதுக்கடைகளை மூடினாலே எல்லாம் தீரும் என்பவர்களும் உண்டு. மூடட்டும், இன்று ராத்திரி குடித்துவிட்டு வருபவரை என்ன செய்வது?

இன்னொரு எச்சரிக்கை. நாள்தோறும் நிறையக் குடிப்பவர் மாலை போட்டோ, கோயிலில் கயிறு கட்டியோ ஒரே நாளில் நிறுத்தினால், முதலில் கை நடுங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு இல்லாத உருவங்கள் தெரியும் பிதற்றல் நிலையும் வரலாம். வேண்டுதல் இருக்கட்டும். அதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை உண்டு. மத்திய அரசின் கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண் 14446. குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். குடித்திருக்கும்போது பேசிப் பயனில்லை, தெளிந்திருக்கும் காலையில் பேசுங்கள். அவர் வர மறுத்தால் மனைவியோ அம்மாவோ மட்டும் முதலில் போய் ஆலோசனை கேட்கலாம். ஒரு தடவைக்கு எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பாட்டில் ஏதாவது கலந்து கொடுத்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.