குப்பையும் நிலக்கரியும்: தங்கவயல் தரும் பாடம்

புதுதில்லி: நிலக்கரியுடன் கழிவுகளையும் சேர்த்து எரித்து மின்சாரம் தயாரிப்பதில் மத்திய அரசு முனைப்புக் காட்டி வருகிறது. அனல் மின் நிலையங்கள் பயிர்க்கழிவு உருண்டைகளைக் கலந்து எரிப்பதைக் கட்டாயமாக்கும் கொள்கையை மின்துறை அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்டது. 2025-26 முதல் 7 சதவீதம் கலக்க வேண்டும் என்று 2023 ஜூனில் அது திருத்தப்பட்டது. மாநகரக் குப்பையைக் கரியாக்கும் ஆலையை என்டிபிசி நிறுவனம் வாரணாசியில் அமைத்துள்ளது.

வயலில் வைக்கோல் எரிவது குறையும், நிலக்கரி மிச்சமாகும். ஆனால் குப்பையில் பி.வி.சி. பிளாஸ்டிக் கலந்தால் கொதிகலன் அரிக்கும். டையாக்சின் நச்சு உருவாகக்கூடும். கன உலோகங்கள் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலை எங்கே கொட்டுவது என்பதே கேள்வி.

கோலார் தங்கவயல் இதற்கு எச்சரிக்கை. விறகும் நிலக்கரியும் எரித்து இயங்கிய அதன் சுரங்கங்களுக்கு 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து நீர்மின்சாரம் வந்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கம் போய்விட்டது, தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளுக்கு அருகே சயனைடு மண்மேடுகள் நிற்கின்றன. காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வருகிறது.

கழிவின் செலவை இப்போதே கணக்கில் எழுதாவிட்டால், அது பின்னர் அருகில் வாழ்பவர்களின் தலையில்தான் விழும்.